வளாகத்தில் கார் நிறுத்த யார் காசு தருகிறார்?

கோலாலம்பூரின் பங்சாரிலிருந்து கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி இரயிலில் புறப்பட்டு அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி ஆகிய இரண்டு நிலையங்களைக் கடந்ததும் யுனிவர்சிட்டி நிலையம் வந்துவிடுகிறது. ஆனால் அங்கே இறங்கும் மாணவரின் எதிரில் இருப்பது கூட்டரசு நெடுஞ்சாலையே தவிர, மலாயாப் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபம் அன்று. நிலையத்திலிருந்து வளாகத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். பேருந்து தவறினால் வெயிலிலோ மழையிலோ மேடேறி நடக்க வேண்டும். இரயில் கொண்டுவந்து விடும் இடத்துக்கும் வகுப்பறைக்கும் இடையிலுள்ள இந்தக் கடைசித் தூரம்தான் மாணவரையும் ஊழியரையும் கார் பக்கம் தள்ளுகிறது என்பதால், வளாகத்தில் கார் நிறுத்துவதற்குக் கட்டண அனுமதி முறையைக் கொண்டுவரலாமா என்ற கேள்வியும் இந்தத் தூரத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

1949-ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் தோன்றி, 1959-இல் இரண்டு பிரிவுகளாகி, 1962-இல் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தபோது, கோலாலம்பூருக்குரிய மலாயாப் பல்கலைக்கழகம் பங்சாரை அடுத்த லெம்பா பந்தாய்ப் பள்ளத்தாக்கில் முந்நூறு எக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் வேரூன்றியது. தனிநாயகம் அடிகள் இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றி, 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய காலத்தில், சொந்தக் காரில் வகுப்புக்கு வரும் மாணவர் அரிதினும் அரிது. 1985-இல் புரோட்டோன் சாகாவும், 1994-இல் பெரோடுவா கஞ்சிலும், 2005-இல் மைவியும் என உள்நாட்டுக் கார்கள் சந்தைக்கு வந்தபின் நிலைமை அடியோடு மாறியது. தவணைக் கடன் எளிதாகக் கிடைத்தது, பெட்ரோல் விலையை அரசு தாங்கியது, வீடுகள் பூச்சோங், ஷா ஆலாம், காஜாங் என்று நகரத்தை விட்டு விலகிப் போயின. 2023-இன் இறுதியில் மலேசியாவில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை 3 கோடியே 60 இலட்சத்தைத் தாண்டி, மக்கள்தொகையையே மிஞ்சிவிட்டது. கார்கள் குறைவாக இருந்த காலத்தில் வரையப்பட்ட எந்த வளாகமும் இந்தப் பெருக்கத்தைத் தாங்காது; தாங்கச் செய்ய வேண்டுமானால் மரங்களை வெட்டித் தார் போட வேண்டும், அல்லது பல மாடி நிறுத்துமிடங்களைக் கட்ட வேண்டும்.

ஒரு காரை நிறுத்த ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கொண்ட கட்டம் தேவைப்படுகிறது. அந்தக் கட்டத்துக்குள் நுழையவும் வெளியேறவும் வேண்டிய பாதையில் அதன் பங்கையும் சேர்த்தால் இருபத்தைந்து சதுர மீட்டருக்குக் குறையாது. சிறிய கருத்தரங்க அறை ஒன்றின் பரப்புக்கு இது ஒப்பானது. அந்த அறையைக் காலை எட்டு மணிக்கு ஒருவர் பிடித்துக்கொண்டு மாலை ஐந்து மணிவரை பூட்டி வைத்திருந்தால் எந்தத் துறைத்தலைவரும் பொறுக்கமாட்டார். வெளியே காருக்கு அதே பரப்பு அதே நேரம் இலவசமாகக் கிடைப்பதை எவரும் கவனிப்பதே இல்லை. ஒரு நிலத்தை ஒரு பயனுக்கு ஒதுக்கும்போது, அதே நிலத்தால் கிடைத்திருக்கக்கூடிய வேறு பயனை இழக்கிறோம். அந்த இழப்பைப் பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பர். தார் போடுதல், கோடு வரைதல், விளக்கு, வடிகால், காவல் ஆகியவற்றுக்கான நேர்ச்செலவும் இதனுடன் சேர்கிறது. இவை அனைத்தும் பல்கலைக்கழகத்தின் பொது நிதியிலிருந்து போகின்றன என்றால், கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் வந்து, அப்துல்லா ஹுக்குமில் எல்ஆர்டிக்கு மாறி, பின்பு பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவியும் தன் பங்கைச் செலுத்துகிறார் என்பதே பொருள். அவருக்குக் கட்டம் எதுவும் கிடைப்பதில்லை.

இந்தக் கணக்கை வெளிப்படையாக எடுத்து மேசைமேல் வைத்த நாடு பக்கத்திலேயே இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்த சிங்கப்பூரில், அரசின் கணக்குகளை ஆராயும் தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, கல்வி நிலையங்கள் சில தம் ஊழியருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நிறுத்துமிடம் தந்தது மறைமுக மானியத்துக்கு ஒப்பானது என்று சுட்டிக்காட்டியது. மறைமுக மானியம் என்பது ஏட்டில் சம்பளமாகவோ படியாகவோ எழுதப்படாமல், ஒரு சிலருக்கு மட்டும் சேரும் பொதுப்பணம். அடுத்த ஆண்டிலேயே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் கட்டணத்தை அறிமுகப்படுத்தியபோது, தீவின் மேற்கு ஓரத்தில் எம்ஆர்டி நிலையம் இல்லாமல் கிடக்கும் வளாகத்தில் இது என்ன நியாயம் என்று கேட்டு இணையத்தில் எதிர்ப்பு மனு கிளம்பியது. 2018 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியர்களும் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. கூரையில்லாத இடத்துக்கு ஆண்டுக்கு 720 சிங்கப்பூர் வெள்ளி, கூரையுள்ள இடத்துக்கு 960 வெள்ளி. பள்ளி விடுமுறை மாதங்களில் கட்டணம் குறைவு. இரவும் பகலும் பிள்ளைகளுக்காக உழைக்கும் ஆசிரியரிடமா இதையும் வாங்க வேண்டும் என்று பொதுமக்களே கேட்டார்கள். தணிக்கைக் கண்டுபிடிப்பில் பிடித்ததை ஏற்றுப் பிடிக்காததைத் தள்ள முடியாது என்ற போக்கில் அன்றைய கல்வி அமைச்சர் ஓங் யீ காங் விடையளித்தார். கொள்கை அளவில் அந்த விடையில் குற்றம் காண்பது கடினம். ஆயினும், ஆசிரியருக்குப் பள்ளி தந்த மரியாதையின் அடையாளமாக அந்த இடம் இருந்தது என்பதையும், அது போனதில் பட்ட புண் பணத்தால் மட்டும் பட்டதன்று என்பதையும் அந்த விவாதம் காட்டியது.

நிறுத்துமிடத்தில் மரியாதை கலந்துவிடுவது சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் நோபல் பரிசு பெற்ற பேராசிரியருக்கென்றே தனி நிறுத்துமிடங்கள் உண்டு. பரிசுப் பணத்தைவிட இதைப் பெருமையாகக் கருதுவோர் இருந்தால் வியப்பதற்கில்லை. மலேசிய வளாகங்களில் ஸ்டிக்கரின் நிறம் பார்த்தே பாதுகாவலர் சல்யூட் அடிப்பதா சம்மன் எழுதுவதா என்று முடிவு செய்யும் வழக்கமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கட்டண அனுமதி என்று சொல்லும்போது பல ஏற்பாடுகள் அந்த ஒரே பெயரில் ஒளிந்துகொள்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை காசு கட்டி ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது பழைய முறை. கட்டணம் செலுத்தியவர் எல்லோரும் ஒரே நாளில் வருவதில்லை என்ற நம்பிக்கையில் கட்டங்களின் எண்ணிக்கையைவிட அதிகமான ஸ்டிக்கர்களை நிருவாகம் விற்கிறது. இது ஓரளவு சரியான கணக்கே என்றாலும், பரீட்சைக் காலத்தில் நூறு இலை போட்ட பந்திக்கு இருநூறு பேரை அழைத்த கதையாக முடிகிறது. அதைவிட ஆழமான குறை வேறொன்று உண்டு: ஆண்டுக்கட்டணத்தைச் செலுத்தி முடித்தவருக்கு அதன்பின் ஒவ்வொரு நாளும் கார் எடுத்து வருவது இலவசமே ஆகிவிடுகிறது, கொடுத்த காசு வீணாகக்கூடாது என்ற எண்ணம், வாரத்தில் இரண்டு நாள் எல்ஆர்டியில் வந்துகொண்டிருந்தவரையும் ஐந்து நாளும் காரில் வரவைக்கும். நாள்வாரியாகவோ மணிவாரியாகவோ வாங்கும் கட்டணத்தில் இந்த விபரீதம் இல்லை. காரை வீட்டில் விட்டுவந்த நாளில் பணம் மிச்சமாகிறது. வாகன எண் தகட்டைக் கேமரா படித்துக்கொள்ளும் இக்காலத்தில், ஆண்டு ஸ்டிக்கரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் சொல்வது அரிது.

இத்துறையில் உலகம் அதிகம் மேற்கோள் காட்டும் அறிஞர், 2025-இல் மறைந்த டொனால்ட் ஷூப். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் கற்பித்த அவர், 2005-இல் வெளிவந்த பெருநூலில், ஒவ்வொரு வீதியிலும் ஓரிரு கட்டங்களேனும் காலியாக இருக்கும் அளவுக்கு விலையை ஏற்றவும் இறக்கவும் வேண்டும் என்று வாதிட்டார். அப்போதுதான் இடம் தேடிச் சுற்றிவரும் கார்கள் குறையும் என்பது அவர் கருத்து. நூலைவிடச் சுவையானது 1992-இல் கலிஃபோர்னியா இயற்றிய ஒரு சட்டத்துக்கு அவருடைய ஆராய்ச்சி தந்த வலு. ஊழியருக்கு இலவச நிறுத்துமிடத்தை வாடகைக்கு எடுத்துத் தரும் நிறுவனம், அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதற்கு ஈடான பணத்தைக் கையில் தர வேண்டும் என்பது அச்சட்டம். அதைப் பின்பற்றிய எட்டு நிறுவனங்களை ஷூப் ஆராய்ந்தபோது, தனியாகக் கார் ஓட்டி வந்தவரின் எண்ணிக்கை 17 விழுக்காடு குறைந்திருந்தது. காருக்குத் தண்டம் விதிக்காமல், கார் இல்லாதவருக்கும் அதே சலுகையைக் காசாகக் கொடுத்ததனால் வந்த மாற்றம் இது.

பங்சார்வாசிகளுக்கு நிறுத்தக் கட்டணத்தின் குணம் புதிதன்று. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2016 ஜூலையில் சாலையோரக் கட்டணத்தை உயர்த்தியபோது, நகர மையத்துக்கு வெளியே பங்சார் போன்ற வணிகப் பகுதிகளில் முதல் மணிக்கு ஒரு ரிங்கிட், அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு ரிங்கிட் என்று விதித்தது. சாப்பிட வந்து ஒரு மணியில் கிளம்புபவருக்கு இது பெரிதாகத் தெரியாது; ஜாலான் தெலாவியில் கடை வைத்திருப்பவரோ அங்கே எட்டு மணி நேரம் வேலை பார்ப்பவரோ நாளொன்றுக்குப் பதினைந்து ரிங்கிட் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. நெடுநேரம் நிறுத்துபவரை வெளியேற்றிக் கட்டங்களை வாடிக்கையாளருக்குத் திருப்புவதே இத்தகைய ஏறுவரிசைக் கட்டணத்தின் நோக்கம். வெளியேறிய கார்கள் காற்றில் கரைந்துவிடுவதில்லை. கட்டணம் இல்லாத அடுத்த வீதிக்குப் போய் யாராவது ஒருவர் வீட்டு வாசலை அடைக்கின்றன.

வளாகத்திலும் இதுவே நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். லெம்பா பந்தாயில் கட்டணம் வந்தால் கெரிஞ்சியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், பெட்டாலிங் ஜெயா பக்கம் பிரிவு 16-இன் வீட்டு வீதிகளும் அதன் சுமையைத் தாங்க வேண்டிவரும். ஒரு பக்கம் கோலாலம்பூர் மாநகர் மன்றம், மறுபக்கம் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் என இரண்டு அதிகார எல்லைகள் வளாகத்தை ஒட்டி இருப்பதால், குடியிருப்பாளருக்கு மட்டும் உரிய நிறுத்த அனுமதியை இரு மன்றங்களும் கட்டணம் வரும் அதே நாளில் தொடங்காவிட்டால், பல்கலைக்கழகத்தின் சிக்கல் அண்டை வீட்டாரின் தலையில் விழும். இதற்கு மேல், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் வேறு இருக்கிறது. டயலிசிஸுக்கு வரும் நோயாளியின் மகனையும் எட்டு மணி வகுப்புக்கு வரும் மாணவனையும் ஒரே விலைப்பட்டியலில் வைக்க முடியாது.

வசூலாகும் பணம் எங்கே போகிறது என்பது விலையைவிட முக்கியமான கேள்வி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹம் நகரமன்றம், பதினொன்றோ அதற்கு மேலோ கட்டங்களை ஊழியருக்கு வைத்திருக்கும் முதலாளிகளிடம் கட்டத்துக்கு இவ்வளவு என்று ஆண்டு வரி வாங்கும் முறையை 2012-இல் நடைமுறைப்படுத்தியது. தொடக்கத்தில் அது ஒரு கட்டத்துக்கு 288 பவுண்டு. அந்தப் பணத்தின் துணையோடு டிராம் பாதை நீட்டப்பட்டு, 2015 ஆகஸ்டில் நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கே டிராம் வந்து நின்றது. இதே பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை செமிஞியில் இருக்கிறது. அதன் வாசலில் இரயில் இல்லை. காசு முதலில், வசதி பின்னால் என்ற வரிசை நாட்டிங்ஹமில் மூன்றாண்டில் நிறைவேறியதால் மக்கள் பொறுத்துக்கொண்டனர். கிள்ளான் பள்ளத்தாக்கில் வரிசையை மாற்றிப் போடுவதே நல்லது: யுனிவர்சிட்டி நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று நிச்சயமாக வரட்டும், கூரையிட்ட நடைபாதை போடப்படட்டும், பிறகு கட்டணக் கம்பம் நடப்படட்டும். மாதம் 50 ரிங்கிட்டுக்குப் பொதுப் போக்குவரத்துச் சேவையான ரேப்பிட் கேஎல் தரும் மை50 பயண அட்டை ஏற்கெனவே மலிவு. கட்டண வருமானத்தின் ஒரு பகுதியால் அதை மாணவருக்கு இலவசமாக்குவது, ஷூப் பாராட்டிய கலிஃபோர்னியச் சட்டத்தின் உள்ளூர் வடிவமாக அமையும்.

தடையே போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவருக்குச் சென்னை ஐஐடி எடுத்துக்காட்டாகும். கிண்டிக் காட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்த வளாகத்தில் மாணவர் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ள இடமில்லை. மிதிவண்டியும் வளாகப் பேருந்தும்தான் வழி, மான்களும் நிம்மதியாகத் திரிகின்றன. ஆனால் அங்கே மாணவர் பெரும்பாலும் விடுதியில் தங்குபவர். நாள்தோறும் வெளியிலிருந்து வருவோர் நிறைந்த பல்கலைக்கழகத்துக்கு அந்த விதியை அப்படியே எடுத்து ஒட்டினால் நிற்காது.

விலைப்பட்டியல் எழுதும் குழுக்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது மோட்டார் சைக்கிளையும் விடியற்காலையையும்தான். காருக்குரிய ஒரு கட்டத்தில் நான்கு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் என்பதால், அவற்றுக்குக் கட்டணம் விதிப்பதற்கு இட நெருக்கடியைக் காரணம் காட்ட முடியாது. 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை கண்ட கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளானிலிருந்தும் ஷா ஆலாமிலிருந்தும் வருவோரில் வசதி குறைந்தவர்களே அதிகம். வகுப்பறையைக் கூட்டித் துடைக்கும் பெண்ணும் சிற்றுண்டிச்சாலையில் ரொட்டி சானாய் போடுபவரும் முதல் இரயில் புறப்படுவதற்கு முன்பே வேலைக்கு வந்தாக வேண்டியவர்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. பங்சாரில் 2016-இல் விதித்த விகிதத்தை அப்படியே வளாகத்துக்குக் கொண்டுவந்தால், மாதத்தில் 26 நாள் எட்டு மணி நேரம் காரை நிறுத்துபவர் 390 ரிங்கிட் கட்டுவார். அந்தச் சம்பளத்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பேராசிரியரின் சம்பளத்தில் அதே தொகை கண்ணில் படாமலே போய்விடும் என்பதால், சம்பளப் படிநிலையை ஒட்டிக் கட்டணத்தைப் பிரித்து, காலை ஆறு மணிக்கு முன் வேலை தொடங்குவோரைப் பட்டியலிலிருந்தே விலக்கி வைத்து வரைவை எழுதத் தொடங்கலாம்.