மகன் நினைவாக ஓர் ஆலயம்

வில்லியனூர் லூர்து அன்னையைத் தரிசித்துவிட்டுப் புதுவை நோக்கிப் பேருந்தில் வரும் நாம், ரெட்டியார்பாளையம் புனித அந்திரேயா ஆலயத்தைப் பலமுறை கடந்திருப்போம். (பாகூர்ப் பக்கத்து மக்கள் கடலூர் சாலையில் வந்துவிடுவதால் பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.) அதைக் கட்டியவர் ஆயரும் அல்லர், குருவும் அல்லர். மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை.

அவர் பெயர் கனகராய முதலியார். திருமுழுக்குப் பெயர் பெத்ரோ, அதாவது பேதுரு. பூந்தமல்லியிலிருந்து வந்து புதுவையில் குடியேறிய குடும்பம். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்தார். இருமொழி தெரிந்தவர் என்பதே துபாஷி என்ற சொல்லின் பொருள். ஆனால் அவர் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. வணிகம், வழக்கு, ஆளுநரிடம் மனு எல்லாமே அவர் கை வழியாகத்தான் போகும்.

அப்பதவி முதலில் அவருக்கு வந்த விதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1716-ல் நைனியப்ப பிள்ளை சிறையில் அடைக்கப்பட்டபோது அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. கிறிஸ்தவர் ஒருவரே அதில் இருக்க வேண்டும் என்று சேசு சபைக் குருக்கள் வற்புறுத்தியதும் இதற்குப் பின்னணி. நைனியப்பர் மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார். பிறகு அவர் மகன் குருவப்பர் கைக்குப் போன பதவி, 1720-களின் நடுவில் மீண்டும் கனகராயரிடம் வந்து, சாகும்வரை அவரிடமே இருந்தது.

செல்வத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லை. ஆனால் 1739-ல் ஒரே மகன் வேலவேந்திரன் இளவயதில் இறந்தான். மணமானவன். அவன் நினைவாகத் தந்தை அன்றைய ஒழுகரையில் ஆலயம் கட்டினார். 1745 நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாளன்று அங்கே பெருவிருந்து நடந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆளுநர் தூப்ளே மனைவியுடன் வந்தார். கிறிஸ்தவர், இந்துக்கள் என எல்லாருக்கும் அழைப்பு. ஆனால் அவரவர் சாதி வழக்கப்படி தனித்தனிச் சமையல். பிள்ளைக்கு இந்த ஏற்பாடு முழுத் திருப்தி தரவில்லை. பிள்ளை நைனியப்பரின் உறவினர், பின்னாளில் அதே பதவிக்கு வந்தவர் என்பதை நினைவில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

விருந்து முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1746 பிப்ரவரியில் கனகராயர் காலமானார். உடனே சொத்துத் தகராறு எழுந்தது. ஒருபுறம் அவர் தம்பி சின்ன முதலி. மறுபுறம் கனகராயரின் மனைவி. தூப்ளே அதைச் சாதிப் பெரியவர்களிடம் விட்டார். ஞானஸ்நானம் பெற்ற குடும்பம்தான். ஆனால் சொத்து என்று வந்தபோது பார்க்கப்பட்டது ஊர் வழக்கமே. தம்பியே வாரிசு என்று முடிவானது. கணவனையும் மகனையும் இழந்த அந்த அம்மாளும், இளம் விதவையான மருமகளும் பெற்றது ஜீவனாம்சம் மட்டுமே. அதையும் கொழுந்தனார் கையிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது.