வயதான நாய்க்கு விடை கொடுக்கும் நேரம் இதுதானா? எப்படித் தெரிந்துகொள்வது?

திருக்கோவிலூரை ஒட்டிய திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூர் என்ற ஊரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. மாடுகளை மீட்கும் சண்டையில் இறந்த வீரனோடு அவனது நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது.

நாயின் பெயரையே கல்லில் வெட்டிய பகுதி இது. ஆனால், வருஷக்கணக்கில் நம்ம வீட்டைக் காத்த நாய் எழுந்திருக்க முடியாமல் திண்ணையில் கிடந்தால் என்ன செய்வது?

வயசானாலே முடிவா?

இல்லை. முதுமை ஒரு நோயல்ல. மூட்டு வலி, பல் தொந்தரவு போன்றவற்றை மருந்தால் கட்டுப்படுத்தலாம். அதனால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாம் போடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. சில மாத்திரைகள் அதற்கு விஷம்.

'வாலாட்டுதே, நல்லாத்தானே இருக்கு?'

நாய்கள் வலியை மறைக்கும். ஆளைப் பார்த்தால் வலியோடும் வாலாட்டும். ஓய்விலும் மூச்சு வாங்குவது, இரவில் தூங்காமல் அலைவது, படுத்த இடத்திலேயே சிறுநீர் போவது, தொட்டால் உறுமுவது எல்லாமே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

7 கேள்விகள்

அமெரிக்க கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் உருவாக்கிய அளவுகோல் இது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள்.

1. வலி கட்டுக்குள் இருக்கிறதா? சிரமமில்லாமல் மூச்சு விடுகிறதா?
2. போதுமான அளவு சாப்பிடுகிறதா?
3. தண்ணீர் குடிக்கிறதா?
4. உடம்பு சுத்தமாக, புண் இல்லாமல் இருக்கிறதா?
5. நம்மைப் பார்த்தால் சந்தோஷப்படுகிறதா?
6. எழுந்து நடக்க முடிகிறதா?
7. கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா?

மொத்தம் 70க்கு 35க்கு மேல் வந்தால், பராமரிப்பைத் தொடரலாம். குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம்.

7ஆவது கேள்விக்கு ஒரு எளிய வழி: பால் கணக்கு எழுதுவது போல, காலண்டரில் தினமும் நல்ல நாளா கெட்ட நாளா என்று குறித்து வையுங்கள். பாசம் மறைப்பதைக் காலண்டர் காட்டிவிடும்.

ஊசி போடும்போது என்ன நடக்கும்?

பொதுவாக முதலில் மயக்க மருந்து. பிறகு நரம்பு வழியாக அதிக அளவு மருந்து. நினைவு போன பிறகே இதயம் நிற்கும். சில நிமிடங்கள்தான். கண் திறந்தபடி இருக்கலாம், சிறுநீர் வெளியேறலாம். அது வலியால் அல்ல. நீங்கள் பக்கத்தில் இருக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடலைத் தென்பெண்ணை ஆற்றங்கரையில் வீசாதீர்கள். உடலில் தங்கும் மருந்து, அதைத் தின்னும் பிற உயிர்களையும் கொல்லக்கூடும். கிணறு, போர்வெல்லுக்குத் தள்ளி ஆழமாகப் புதையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பசி, தாகத்தில் வாடும்படி நாயைக் கைவிடுவதும், கொடூரமான முறையில் கொல்வதும் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 'எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்' என்பது தீர்வே இல்லை.

இன்னும் குழப்பமா? மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள்: "டாக்டர், இது உங்க நாயா இருந்தா என்ன பண்ணுவீங்க?"