பட்டம் கொடுத்தா விசுவாசம் வந்துடுமா?

பொன்னியின் செல்வன் பார்த்த எல்லாருக்கும் ரவிதாசனைத் தெரியும். அவன் வெறும் கதை கேரக்டர் இல்ல. சிதம்பரத்திலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி இருக்கிற காட்டுமன்னார்கோவிலில், உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டில் அவன் பேர் இருக்கு. ராஜராஜனோட 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளோட நிலத்தையும், அவங்க உறவினர்களோட நிலத்தையும் பறிமுதல் பண்ணச் சொல்ற அரச ஆணையைப் பத்திப் பேசுது.

அதில் கவனிக்க வேண்டியது பேர்களைத்தான். ரவிதாசன் ஆகிய 'பஞ்சவன் பிரமாதிராஜன்'. பரமேஸ்வரன் ஆன 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'. பிரமாதிராஜன் என்பது பிராமண அதிகாரிகளுக்கு அரசு கொடுத்த பட்டம். ரெண்டாவது பட்டத்தில் சோழன் பேரே இருக்கு. அதனாலதான், கொலைகாரங்க சோழ அரசிலேயே பதவியில் இருந்தவங்கன்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க.

சோழர் அப்பாயின்ட்மென்ட் முறையே இப்படித்தான். ஒரு அதிகாரியோட சொந்தப் பேருக்குப் பின்னாடி ராஜாவோட பேர், அதுக்கும் பின்னாடி மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவரையன் மாதிரி ஒரு பட்டம். ராஜராஜன் 985-ல் பட்டத்துக்கு வந்த பிறகு, அவரோட சேனாபதி கிருஷ்ணன் ராமன் 'மும்முடிச்சோழ பிரமராயன்' ஆனார். தஞ்சைப் பெரிய கோயிலோட சுற்று மாளிகையைக் கட்டினது அவர்தான்.

1070-ல் நிலைமை இன்னும் சிக்கல். வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியர் வீட்டுப் பிள்ளை சோழ அரியணைக்கு வர்றார். அவர்தான் முதலாம் குலோத்துங்கன். அம்மா வழியில் ராஜேந்திர சோழனுக்குப் பேரன், ஆனா அப்பா வழியில் வேற வம்சம். இப்படி வர்றவருக்கு நம்பிக்கையான ஆட்கள் கண்டிப்பா வேணும். அப்படி உயர்ந்தவர்தான் மணவில் கூத்தன் காலிங்கராயன் என்கிற நரலோகவீரன். அடுத்து வந்த விக்கிரம சோழன்கிட்டயும் சேவை செஞ்சார். தில்லையிலும் பண்ருட்டி பக்கத்துத் திருவதிகையிலும் இவர் செஞ்ச திருப்பணிகளைக் கல்வெட்டுகள் பாட்டாவே சொல்லுது. தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதி வைக்க ஏற்பாடு செஞ்சதும் இவர்தான்.

சரி, சாமி பக்கம்? ராஜராஜனுக்கு ஈசான சிவ பண்டிதர், ராஜேந்திரனுக்கு சர்வ சிவ பண்டிதர்னு ராஜகுருக்கள் இருந்தாங்க. ஆனா எல்லாரும் ராஜா சொன்னதுக்குத் தலையாட்டல. பெரியபுராணத்தில் கூற்றுவ நாயனார் கதையைப் பாருங்க. நாடுகளை ஜெயிச்ச கூற்றுவர், தில்லைவாழ் அந்தணர்கள்கிட்ட தனக்கு முடிசூட்டச் சொல்றார். சோழர் குலத்துக்குத் தவிர யாருக்கும் சூட்ட மாட்டோம்னு சொல்லிட்டு, அவங்க சேர நாட்டுக்கே கிளம்பிடுறாங்க. கடைசியில் நடராஜர் பாதமே அவருக்கு முடி ஆகுது. இதை எழுதின சேக்கிழாரே இரண்டாம் குலோத்துங்கனோட அமைச்சர், 'உத்தமச்சோழப் பல்லவராயன்'னு பட்டம் வாங்கினவர்னு மரபு சொல்லுது.

இதே மாதிரி ஒண்ணு தாய்லாந்திலும் நடந்திருக்கு. தக்சின் ராஜா தன் கடைசிக் காலத்தில், தனக்கு ஞானநிலை வந்துடுச்சு, பிக்குகள் தன்னை வணங்கணும்னு சொன்னார். பௌத்த வழக்கப்படி ராஜாதான் பிக்குவை வணங்கணும். சங்கத் தலைவர் சி மறுத்தார், பதவி பறிபோச்சு. 1782-ல் தக்சினுக்கு முடிவு கட்டிட்டு முதலாம் ராமா அரியணை ஏறினார். பிரபுக்களுக்குப் புதுப் பட்டம், புதுப் பதவி கொடுத்தார். சி-யைத் திரும்பவும் சங்கத் தலைவர் ஆக்கினார். பிக்குகளுக்கான சட்டங்களும் போட்டார். 1788-ல் திரிபிடகத்தைத் திருத்த ஒரு சபையும் கூட்டினார்.

இதில் செம ட்விஸ்ட் என்னன்னா, முதலாம் ராமா முன்னாடி தக்சினோட தளபதி. அப்போ அவர் பட்டம் 'சாவ் பிரயா சக்ரி'. இன்னைக்கு வரைக்கும் ஆள்ற வம்சத்துக்கு சக்ரின்னு பேர் வந்ததே அந்தப் பட்டத்தில் இருந்துதான்.

ஆக, பட்டத்தை ஒரு ஆணையில் கொடுத்துடலாம். விசுவாசத்தையும் அங்கீகாரத்தையும் ஆணை போட்டு வாங்க முடியாது. புது ராஜாக்களுக்கு அதுதான் தலைவலி. அடுத்த முறை நம்ம ஊர்க் கோயில் சுவரில் கல்வெட்டு பார்த்தா 'ஆன'ங்கற சொல்லைத் தேடுங்க. அதுக்கு முன்னாடி இருக்கிறது வீட்ல வச்ச பேர், பின்னாடி இருக்கிறது அரசு கொடுத்த பேர்.