உண்டியலில் ஆசியாட் நாணயம் இருக்கா?

வீட்டு உண்டியலையோ பாட்டியின் சுருக்குப்பையையோ ஒருமுறை கொட்டிப் பாருங்கள். ஜந்தர் மந்தரும் சூரியனும் பொறித்த நாணயம் ஒன்று கண்ணில் படலாம். 1982-இல் டெல்லியில் நடந்த 9-ஆவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் நினைவு நாணயம் அது. நம் நாட்டில் 2 ரூபாய் நாணயம் அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கும் அதன் சின்னத்தோடு 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் வந்தன.

கடையில் செல்லுமா?

செல்லும். 'இது வேற மாதிரி இருக்கே' என்று சில கடைகளில் வாங்கத் தயங்குவார்கள். ஒரே மதிப்புள்ள நாணயம் பல வடிவமைப்புகளில் இருக்கலாம், எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால், ஆசியாட் 25 பைசா இருந்தால் அதை நினைவாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது.

எங்கே அச்சானது?

ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லையா? கொல்கத்தா.

லட்சக்கணக்கில் விலை போகுமா?

'இந்த 2 ரூபாய் இருந்தால் 5 லட்சம்' என்று போனில் வரும் வீடியோக்களை நம்பிவிடாதீர்கள். 2 ரூபாய், 5 ரூபாய் நினைவு நாணயங்கள் மக்கள் புழக்கத்துக்காகவே அச்சடிக்கப்பட்டவை. நாணயத்தின் நிலையைப் பார்த்து சேகரிப்பாளர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தரலாம். ஆனால் விற்கிற நீங்கள் எதற்கு முன்பணம் கட்ட வேண்டும்? பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று யாராவது கேட்டால் அது மோசடிதான். பழைய நாணயங்களை வாங்குவதோ விற்பதோ தன் வேலை இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

புதிய நினைவு நாணயம் வேண்டுமா? இந்திய அரசு நாணயச்சாலையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்பதிவு செய்து வாங்கலாம்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.