பகிடி விடுவதற்கும் ஓர் உரிமை வேண்டும்

கதிரவெளிக் கடற்கரையில் காலையில் தோணிகள் கரை சேரும்போது நடைபெறும் மீன் வியாபாரத்தை அயலூரவர் ஒருவர் முதன்முறையாகக் கேட்பாராயின், அங்கு கைகலப்பு ஒன்று நிகழப்போகிறது என்றே எண்ணுவார். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்வாறே எண்ணினோம். ஓட்டமாவடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த முஸ்லிம் மீன் வியாபாரி ஒருவர், பெட்டியில் கிடந்த பாரை மீனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன மச்சான், ஒண்ட கலியாணத்துக்குப் பிடிச்ச மீனா?" என்று கேட்டார். மீனுக்குரியவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்ட கலியாணத்துக்குப் பிடிச்ச மீன அண்டைக்கே நீதானே கடனுக்குக் கொண்டு போன. காசு இன்னும் வந்து சேரல்ல" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். இருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் சொல்வதுதான் அதன் இலக்கணம் போலும். மீன் கைமாறிற்று; விலையைப் பற்றி இரண்டு வார்த்தைகூட அவர்கள் பேசியதாக நாம் கேட்கவில்லை.

ஈழத்துத் தமிழில் இதற்குப் பகிடி என்று பெயர். நக்கல், நையாண்டி, கேலி, கிண்டல் எனப் பல சொற்கள் நம்மிடம் இருந்தாலும் பகிடி என்ற சொல்லுக்குரிய இதம் அவற்றுக்கு இல்லை. வயது வந்தவர்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள், பொறுப்பு மிக்கவர்கள் தமக்குள் இவ்வாறு வாரிக்கொள்வதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் மட்டக்களப்பு நாட்டில் யார் யாருடன் பகிடி விடலாம் என்பதற்கு எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. அச்சட்டத்தை அறியாதவருக்கு இப்பிரதேசத்தின் தமிழ், முஸ்லிம் உறவில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றின் ஒரு பக்கம் விளங்காமலே போய்விடும்.

முதலில் உறவு முறையை எடுத்துக்கொள்வோம். தாயின் சகோதரரது பிள்ளைகளும் தந்தையின் சகோதரியது பிள்ளைகளும் நமக்கு மச்சான், மச்சாள் ஆவர். தந்தையின் சகோதரரது பிள்ளைகளும் தாயின் சகோதரியது பிள்ளைகளும் உடன்பிறந்தோர் முறையினர். முதல் வகையினருடன் திருமணம் கூடும். ஆகவே பகிடியும் கூடும். இரண்டாம் வகையினருடன் இரண்டும் ஆகா. மச்சானைப் பார்த்து "உனக்கு எவள் பெண் தரப்போகிறாள்" என்று கேட்கும் பெண், தன் சிறிய தாயாரின் மகனிடம் அவ்வாறு கேட்கத் துணியமாட்டாள். மாமியின் முன்னிலையில் மருமகன் குரலைத் தாழ்த்துவான். அதே வீட்டு வாசலில் மாமியின் மகன் வந்துவிட்டால் அந்தக் குரலே மாறிவிடும். கிழக்கு மாகாணத்து முஸ்லிம்களிடையேயும் இதே ஒழுங்கு நிலவுகிறது. மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் சீண்டிப் பாடும் நாட்டார் கவிகள் அக்கரைப்பற்று, நிந்தவூர்ப் பகுதிகளில் ஏராளம். தாய்வழிக் குடி முறையை இரு சமூகத்தாரும் பகிர்ந்துகொள்வதையும், மணமகன் மணமகள் வீட்டுக்குச் சென்று வாழும் வழக்கம் இரு சமூகத்தாரிடமும் இருப்பதையும் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு எழுதி 2008 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

இத்தகைய உறவைப் பற்றி ஆங்கிலேய மானிடவியலாளர் ராட்கிளிப் பிரவுண் 1940 இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பிரசித்தி பெற்றது. ஒருவர் மற்றவரைச் சீண்டுவதற்கு வழக்கம் அனுமதி அளிக்கிறது. சில வேளைகளில் அதை எதிர்பார்க்கவும் செய்கிறது. சீண்டப்பட்டவர் கோபம் கொள்ளக்கூடாது என்பதும் அதே வழக்கத்தின் கட்டளை என்றார் அவர். இது எங்கே தோன்றும்? இணைந்தும் பிரிந்தும் நிற்க வேண்டியவர்களிடையே தோன்றும். திருமணத்தால் ஒன்றுபட்ட இரு குடும்பங்கள் ஒன்றாகவும் இருக்க வேண்டும், வேறாகவும் இருக்க வேண்டும். அவர்களது நலன்கள் மோதும் வாய்ப்பு எப்பொழுதும் உண்டு. அம்மோதலைத் தவிர்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மாமியிடம் காட்டுவது போன்ற மிதமிஞ்சிய மரியாதை. மற்றது, மச்சானிடம் காட்டுவது போன்ற மரியாதையின்மை. இரண்டும் ஒரே பணியைச் செய்கின்றன என்பதே அவரது வாதத்தின் சுவை.

கதிரவெளியின் அமைவிடத்தை அறிந்தவர்களுக்கு இந்த விளக்கம் இன்னும் பொருந்திவரும். மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், வாகரைப் பிரதேசத்தில், கிழக்கே கடலும் மேற்கே காடுமாக அமைந்த தமிழ்க் கிராமம் அது. வடக்கே வெருகல் ஆறு. அதனைக் கடந்தால் திருகோணமலை மாவட்டம். மூதூர், தோப்பூர் முஸ்லிம் ஊர்கள். தெற்கே ஓட்டமாவடி, வாழைச்சேனை. மீனும் தேனும் விறகும் இங்கிருந்து போக வேண்டும். துணியும் பாத்திரமும் சந்தைச் சாமானும் அங்கிருந்து வர வேண்டும். ஆற்றின் மேல் பாலம் வருவதற்கு முன், பாதைக்குக் காத்திருந்த நேரம் முழுவதும் இரு சமூகத்தாருக்கும் பேச்சுக்கு உரிய நேரமாக இருந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே திருமண உறவு வழக்கில் இல்லை. ஆயினும் "மச்சான்" என்ற விளி இருபுறமும் தாராளமாக ஓடிற்று. மூத்தவராயின் "காக்கா". பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லாத இடத்தில் மச்சான் முறை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பகிடிக்காகவே அந்த முறை இரவல் வாங்கப்பட்டது என்றே நாம் கருதுகிறோம். கடன் கொடுக்கவும், கடனைக் கேட்கவும், விலையைக் குறைக்கச் சொல்லவும் பகிடி இல்லாமல் முடியாது. நேரே கேட்டால் அது வழக்காகிவிடும்.

இந்நாட்டில் பகிடிக்கென்றே தெய்வ சந்நிதியில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். கண்ணகி வழிபாட்டோடு தொடர்புடைய கொம்புமுறி விளையாட்டையே குறிப்பிடுகிறோம். ஊரவர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிவர். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிற்றினால் பிணைத்து இரு சேரியாரும் இருபுறம் நின்று இழுப்பர். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்களுக்குத் தோல்வி. மழை பொய்த்தபோதும் நோய் பரவியபோதும் அம்மனைக் குளிர்விக்க இது நடத்தப்பட்டது. இழுப்பதைவிடச் சனங்கள் ஆவலோடு எதிர்பார்த்தது வசைப் பாடல்களை. எதிர்ச் சேரியாரின் வீரத்தை, தோற்றத்தை, வீட்டு நிலைமையை, இன்னும் இப்பத்தியில் எழுத இயலாத பலவற்றை அவர்கள் முகத்துக்கு நேரே பாடினர். ஒரே வீட்டுக்குள்ளேயே இரு சேரியினர் இருப்பதும் உண்டு. அன்றைக்கு அந்த வீட்டில் சோறு எப்படி வெந்திருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம். வித்துவான் வீ. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் இவ்விளையாட்டைப் பதிவு செய்துள்ளது. சிங்கள மக்களிடையே அங்கெலிய என்ற பெயரில் பத்தினித் தெய்வத்துக்காக இதே விளையாட்டு நடந்தது. அங்கும் வசை உண்டு. கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய ஆய்வு நூலில் இதற்குக் கணிசமான இடம் அளித்துள்ளார்.

கவனிக்க வேண்டியது, இந்த வசைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன என்பது. கொம்பு முறிந்து சடங்கு நிறைவுற்றபின் அதே வசையை மறுநாள் கடைத்தெருவில் பாடியவன் பகிடிக்காரன் அல்லன், வம்புக்காரன்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் நான்கு நிலைக்களங்களைச் சொல்லும்போது எள்ளலையே முதலில் வைக்கிறது. அதற்கு உரை எழுதிய பேராசிரியர், எள்ளல் இரண்டு வகைப்படும் என்கிறார். பிறரை நாம் எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளியபோது நாமே சிரிப்பது மற்றொன்று. இரண்டாவது வகையை எண்ணிப் பார்த்த அந்த உரையாசிரியரின் நுட்பம் வியக்கத்தக்கது. திருவள்ளுவரோ பண்புடைமை அதிகாரத்தின் 995 ஆம் குறளில் விளையாட்டுக்குக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் தருவது என எச்சரிக்கிறார். முரண்பாடு போலத் தோன்றினும் இருவரும் சொல்வது ஒன்றுதான். எள்ளப்பட்டவன் சிரிக்க முடிந்தால் அது நகை, முடியாவிடின் இகழ்ச்சி.

இஸ்லாமிய மரபும் இதே வேறுபாட்டை வற்புறுத்துகிறது. வாகனமாக ஓர் ஒட்டகம் வேண்டுமென்று வந்த ஒருவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருகிறேன் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தபோது, எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. பொய் கலவாத, கேட்டவரின் மதிப்பைக் குறைக்காத பகிடி அது. மறுபுறம், அல்குர்ஆனின் 49 ஆவது அத்தியாயமான அல்ஹுஜுராத், 11 ஆவது வசனத்தில், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது. கூட்டத்தார் என்ற சொல்லை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். மச்சானை மச்சான் வாரலாம். அவன் கடனையும் கஞ்சத்தனத்தையும் சொல்லலாம். அவன் தொழுகையையோ தொப்பியையோ, இவன் திருநீற்றையோ கோயிலையோ இழுத்துவிட்டால் அந்த இடத்தில் பேசுவது மச்சான் அல்ல, ஒரு கூட்டம். நாம் விசாரித்த வரையில் கதிரவெளி மீனவர்களும் வியாபாரிகளும் இந்த எல்லையை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தனர்.

பகிடி கெட்டுப்போவதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதிய மாணவரைத் துன்புறுத்துவதற்கு இலங்கைத் தமிழில் பகிடிவதை என்று பெயர். வதை என்பதை ஒட்டிவைத்த அந்த அநாமதேயச் சொல்லாக்கக்காரர் பாராட்டுக்குரியவர். அங்கே ஒருவர் மட்டுமே எள்ளலாம். மற்றவர் பதில் சொல்லக்கூடாது. உயிரிழப்புகளும் நிகழ்ந்தன. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. பதில் சொல்லும் உரிமையைப் பறித்தால் பகிடி எவ்வளவு விரைவாக வேறொன்றாகிவிடும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

யுத்த காலம் செய்ததும் ஏறக்குறைய இதுதான். 1985 ஏப்ரலில் கிழக்கில் தமிழ், முஸ்லிம் மோதல்கள் வெடித்தன. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், சில நாட்களில் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் படுகொலை செய்யப்பட்டனர். செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டனர். போர்நிறுத்தம் நிலவிய 2002 ஜூனில்கூட வாழைச்சேனையிலும் மூதூரிலும் இரு சமூகங்களும் மோதிக்கொண்டன. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டு நவம்பர் 8 ஆம் திகதி, வெருகலுக்கு அப்பாலிருந்து இடம்பெயர்ந்து கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழ் மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையிலிருந்து எழுந்து இரண்டாண்டு ஆகாத ஊர் அது.

இவ்வாண்டுகளில் இரு சமூகத்தாரும் சந்திக்கவே இல்லை என்பது தவறு. பாதை திறந்தபோதெல்லாம் வியாபாரம் நடந்தது. பேச்சும் நடந்தது. ஆனால் அதன் இலக்கணம் மாறிவிட்டது. கதிரவெளி முதியவர் ஒருவர் எம்மிடம் கூறியதை அவர் பேசியபடியே தருவதானால்: "சண்டை பிடிச்ச காலத்தில பயம் இருக்கல்ல. அவர் என்ன 'வாங்க, இருங்க' எண்டு கதைச்சாரே, மறுகா அண்டைக்கித்தான் பயம் வந்திச்சு." நீங்கள், நாங்கள் என்ற பன்மையும், குறையில்லாத மரியாதையும், கேட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்தலும் வந்து சேர்ந்தன. வெளியாருக்கு அது நல்லுறவாகத் தோன்றியிருக்கும். சமாதானக் கூட்டங்களின் அறிக்கைகளில் பரஸ்பர மரியாதை நிலவியதாகவே எழுதியிருப்பார்கள். மச்சானாக இருந்தவர் மாமியாக்கப்பட்டுவிட்டார் என்பதை எந்த அறிக்கையும் எழுதவில்லை. ராட்கிளிப் பிரவுண் சொன்ன இரு வழிகளில் ஒன்றைவிட்டு மற்றதற்கு மாறிக்கொண்டனர் எனலாம். மரியாதையும் மோதலைத் தடுக்கும்தான். ஆனால் தொலைவில் நிறுத்தித் தடுக்கும்.

தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட பாரை மீன் பகிடிக்கு வருவோம். அந்த மீனுக்குரியவரிடம் பின்னர் தேநீர்க் கடையில் பேச்சுக்கொடுத்தோம். அவ்வியாபாரி அவரிடம் யுத்தத்துக்கு முன்னரே மீன் எடுத்தவர். இடையில் பல ஆண்டுகள் வரவில்லை. 2009 க்குப் பின் திரும்பி வந்தபோது இருவரும் ஒரு பருவம் முழுவதும் "ஐயா", "ஹாஜியார்" என்று விளித்துக்கொண்டே வியாபாரம் செய்தனராம். பிறகு ஒருநாள் தராசில் மீனை வைத்தபோது, "இதில ஒண்ட கையையும் சேத்தா நிறுக்கிறாய்?" என்று வியாபாரி கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு அவரே அஞ்சியவர் போல நின்றாராம். மீனவர் கையை எடுக்காமலே, "கை இலவசம் மச்சான், கொண்டு போ" என்றாராம். அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள் என்றார். அதற்குப் பிறகு சிரிப்பதில்லையாம்.

அந்தக் கலியாணத்து மீனின் கடன் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டோம். இருக்கிறது, பெரிய தொகை இல்லை என்றார். ஏன் இன்னும் வாங்கவில்லை என்றதற்கு, எம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்கிட்டா மறுகா எதச் சொல்லி அவன ஏசுற?"