கைப்பேசிக்கு ஏற்ற பாஸ்வேர்டு மேனேஜர் எது?

பாஸ்வேர்டு மேனேஜர் என்பது ஒருவருடைய கடவுச்சொற்கள் அனைத்தையும் மறையாக்கம் செய்து ஒரே பெட்டகத்தில் வைத்திருந்து, கேட்கும் இடத்தில் தானே நிரப்பித் தரும் செயலி. மனப்பாடமாக இருக்க வேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல் ஒன்று மட்டுமே. மற்றவற்றைச் செயலியே நீளமாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் உருவாக்கிவிடும். ஒரு கடையின் தளத்திலிருந்து திருடுபோன கடவுச்சொல்லைக் கொண்டே அதே ஆளின் மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கையும் திறந்து பார்ப்பது திருடர்களின் வாடிக்கை. கணக்குக்கு ஒரு கடவுச்சொல் என்று வைத்துக்கொண்டால் அந்த வழி அடைபடுகிறது.

இந்த வகை மென்பொருள் புதிதல்ல. மறையாக்க வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 1997இலேயே விண்டோஸுக்காக ‘பாஸ்வேர்டு சேஃப்’ என்ற ஒன்றை வெளியிட்டார். கைப்பேசியில் இது வசதியாக அமைந்தது பின்னால்தான். 2017இல் ஆண்ட்ராய்டு 8, 2018இல் ஐஓஎஸ் 12 ஆகியவை, பிற செயலிகளின் உள்நுழைவுக் கட்டங்களைப் பாஸ்வேர்டு மேனேஜர்கள் நிரப்புவதற்கு முறையான வழி செய்து கொடுத்தன.

செயலியைத் தேர்ந்தெடுக்குமுன் அது வேலை செய்யும் விதத்தை அறிவது அவசியம். பயனர் தட்டும் முதன்மைக் கடவுச்சொல் நேரடியாகச் சாவியாவதில்லை. பிபிகேடிஎஃப்2 அல்லது ஆர்கான்2 என்ற கணக்கீட்டுக்குள் அதைச் செலுத்தி, வெளியே வரும் சாவியைக் கொண்டுதான் பெட்டகம் பூட்டப்படுகிறது. இந்தக் கணக்கீடு வேண்டுமென்றே மெதுவாக அமைக்கப்பட்டது. உரிமையாளருக்கு ஒரு நொடி தாமதம் பொருட்டல்ல. கோடிக்கணக்கான கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கு அதே தாமதம் ஆண்டுக்கணக்காக நீளும். நல்ல செயலிகளில் இவ்வளவும் கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறது. நிறுவனத்தின் சர்வருக்குப் போவது பூட்டிய பெட்டகம் மட்டுமே. சாவி நிறுவனத்திடம் இல்லாததால், முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தவருக்கு நிறுவனத்தால் அதை எடுத்துக் கொடுக்கவும் முடியாது.

இந்தப் பூட்டின் முக்கியத்துவத்தை 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்தில் நடந்த திருட்டு காட்டியது. வாடிக்கையாளர் பெட்டகங்களின் காப்புப் பிரதிகளையே திருடர்கள் எடுத்துச் சென்றனர். கடவுச்சொற்கள் மறையாக்கத்தில் இருந்தன. தளங்களின் முகவரிகள் அப்படியே படிக்கும்படி இருந்தன. யார் எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். சில பழைய கணக்குகளில் அந்த மெதுவான கணக்கீடு திரும்பத் திரும்ப நடக்கும் சுற்றுகள் 5,000 அல்லது அதற்கும் குறைவாகவே இருந்தன. பிபிகேடிஎஃப்2 முறைக்கு இன்று பரிந்துரைக்கப்படும் எண்ணிக்கை 6,00,000. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: பெட்டகத்தில் உள்ள எல்லாமே மறையாக்கம் பெறுகின்றனவா? சுற்றுகள் போதுமான அளவு இருக்கின்றனவா? பிட்வார்டன் செயலியில் சுற்றுகளைப் பயனரே கூட்டலாம், ஆர்கான்2 முறைக்கும் மாறலாம். ஒன்பாஸ்வேர்டு இன்னொரு அரண் வைத்திருக்கிறது: முதன்மைக் கடவுச்சொல்லோடு, பயனரின் கருவியில் உருவாகும் 128 பிட் ரகசியச் சாவியும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். சர்வரிலிருந்து பெட்டகத்தை மட்டும் திருடியவரால் அதைத் திறக்க முடியாது.

சர்வரையே நம்ப விரும்பாதவர்களுக்குக் கீபாஸ் குடும்பம் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாசியம் ஆகியவை பெட்டகத்தை ஒரு கோப்பாகப் பயனரிடமே விட்டுவிடுகின்றன. பிரதி எடுத்து வைக்கும் பொறுப்பும் அவருடையதே. எடுக்காதவரின் கைப்பேசி தொலைந்தால் எல்லாம் தொலைந்தது.

கூகுளும் ஆப்பிளும் தருகிற உள்ளமைந்த வசதிகள் எதுவுமே இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஆனால் பெரும்பாலும் கைப்பேசியின் திரைப்பூட்டு எண்ணே அவற்றுக்கும் சாவியாகிவிடுகிறது. பேருந்தில் அருகில் நின்றவர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு கைப்பேசியையும் பறித்துப் போனால் ஆபத்து. இத்தகைய திருட்டுகளுக்கு எதிராகத்தான் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3 வழியாக ஆப்பிள் தனிப் பாதுகாப்பு ஒன்றைச் சேர்த்தது. தனி முதன்மைக் கடவுச்சொல் கேட்கும் செயலிக்கு இங்கே மதிப்பு கூடுகிறது.

தானாக நிரப்பும் வசதிக்கு இன்னொரு பயனும் உண்டு. வங்கியின் பக்கத்தைப் போலவே தோன்றும் போலிப் பக்கத்தில் மனிதக் கண் ஏமாறலாம். செயலி முகவரியை ஒப்பிட்டுப் பார்ப்பதால் அங்கே நிரப்பாது. இதிலும் ஓட்டைகள் வரும். ஆண்ட்ராய்டுச் செயலிகளுக்குள் திறக்கும் இணையப் பக்கங்களில் நிரப்பும்போது கடவுச்சொல் அந்தச் செயலிக்கே கசியக்கூடும் என்பதை ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் 2023இல் ‘ஆட்டோஸ்பில்’ என்ற பெயரில் வெளிப்படுத்தினர். அடிக்கடி புதுப்பிக்கப்படாத செயலியை ஒதுக்குவதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

பெட்டகத்தில் உள்ளதை முழுவதுமாக வெளியே எடுத்து வேறு செயலிக்குப் போக வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிறுவும்போது உருவாக்குநர் பெயரைச் சரிபார்ப்பதும் தேவை. 2024இல் லாஸ்ட்பாஸைப் போலத் தோன்றிய ‘லாஸ்பாஸ்’ என்ற போலி, ஆப்பிளின் ஆப் ஸ்டோருக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

முதன்மைக் கடவுச்சொல்லுக்குத் திருக்குறள் அடியோ திரைப்பாடல் வரியோ உதவாது. ஊகிப்பவரின் பட்டியலில் அவையும் இருக்கும். தொடர்பற்ற ஐந்தாறு சொற்களைக் குருட்டாம்போக்கில் பொறுக்கிச் சேர்ப்பதே வலுவானது. அதை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைக்கலாம்.

கணினி, ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று கலந்து பயன்படுத்துபவருக்கு இலவசமாகத் தொடங்க பிட்வார்டன் நல்ல தேர்வு. கோப்பைத் தாமே பேண முடிந்தவருக்குக் கீபாஸ் போதும். எதை நிறுவினாலும் முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சலின் கடவுச்சொல். மற்றப் பெரும்பாலான கணக்குகளின் மீட்பு இணைப்புகள் அங்குதான் வந்து சேர்கின்றன.