மெயில் மாறுகிறதா? பழைய கணக்கு இருக்கட்டும்

டீயைக் குடியுங்கள் சார், இது அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. ஜிமெயிலை விட்டு ஜோஹோ மெயிலுக்கு வந்ததிலிருந்து எதுவும் கைக்கு அகப்படவில்லை என்கிறீர்கள். 2025 அக்டோபர் 8 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா தானும் ஜோஹோவுக்கு மாறிவிட்டதாக எக்ஸ் தளத்தில் அறிவித்தாரே, அந்தச் சமயத்தில் நிறையப் பேருக்கு மாறிப் பார்க்கலாமே என்று தோன்றியது. நமக்கு அது பக்கத்து ஊர்க் கம்பெனி வேறு. தலைமை அலுவலகம் கூடுவாஞ்சேரி தாண்டி ஜிஎஸ்டி சாலையில். நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு படித்தது தாம்பரம் ஜெய்கோபால் கரோடியா பள்ளியில். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2008-இல் மெயில் சேவை கொண்டுவந்தார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. பாதியில் வெறுத்துப்போய் நீங்கள் திரும்பிவிடக் கூடாது என்றுதான் உட்கார்ந்து சொல்கிறேன்.

‘ஒரே மெயில் ரெண்டு தடவை தெரியுது’ என்றீர்களே, அதை முதலில் பார்ப்போம். ஜிமெயிலில் இருப்பது லேபிள். கடிதத்தின் மேல் ஒட்டுகிற சீட்டு மாதிரி. ஒரே கடிதத்தில் நாலு சீட்டு ஒட்டலாம். ஜோஹோவில் இருப்பது ஃபோல்டர். ஒரு கடிதம் ஒரு ஃபோல்டரில்தான் இருக்கும். கரண்ட் பில் மெயிலுக்கு ‘வீடு’, ‘ரசீது’ என்று இரண்டு லேபிள் போட்டிருந்தால், பழைய மெயில்களை ஐமேப் என்ற இணைப்பு வழியாகக் கொண்டுவரும்போது இரண்டு ஃபோல்டரிலும் ஒவ்வொரு பிரதி வந்து உட்காரும். ‘ஆல் மெயில்’ என்பதையும் சேர்த்துக் கொண்டுவந்தால் இன்னொரு பிரதி. அதனால் ஆல் மெயிலை விட்டுவிடச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. லேபிள் போடாமல் ஆர்க்கைவ் செய்த கடிதங்கள் ஆல் மெயிலில் மட்டும்தான் இருக்கும். அவற்றுக்கு முதலில் ஒரு லேபிள் போட்டுவிட்டு, பிறகு ஆல் மெயிலை ஒதுக்குங்கள். சீட்டு ஒட்டும் பழக்கம் வேண்டுமென்றால் ஜோஹோவில் ‘டேக்’ இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஐமேப் கொண்டுவருவது கடிதங்களை மட்டும். காண்டாக்ட்ஸைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்து ஏற்ற வேண்டும். மெயிலின் அடியில் வருகிற கையெழுத்தைப் புதிதாக அடித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் விட முக்கியம் முகவரி. அமைச்சர் ஒரே பதிவில் ஊருக்கே சொல்லிவிட்டார். நம் பேங்க், வருமான வரி தளம், ஐஆர்சிடிசி, எல்ஐசி எல்லாவற்றிலும் இருப்பது பழைய முகவரி. ஒவ்வொன்றிலும் நாமே போய் மாற்ற வேண்டும். எங்கெங்கே கொடுத்தோம் என்று யாருக்கும் முழுசாக ஞாபகம் இருக்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஜிமெயிலில் ஃபார்வர்டிங் போடுங்கள். போன் ஆப்பில் அது கிடையாது, கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும். புது முகவரிக்கு உறுதி கேட்டு ஒரு மெயில் வரும். அதை ஒப்புக்கொண்ட பிறகு, ஜிமெயில் செட்டிங்ஸுக்குத் திரும்பிப் போய் ஃபார்வர்ட் செய்யும்படி தேர்ந்தெடுத்துச் சேமித்தால்தான் வேலை முடியும். பிறகு ஜோஹோவில் ஒரு ஃபில்டர்: பெறுநர் இடத்தில் பழைய முகவரி இருந்தால் ‘பழசு’ என்ற ஃபோல்டருக்குப் போகட்டும். அந்த ஃபோல்டரில் யார் பெயர் தெரிகிறதோ, அவர்களிடம் இன்னும் முகவரி மாற்றவில்லை என்று அர்த்தம். பேங்க் பெயர் தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள் சார், பத்திரிகைச் சந்தா மெதுவாக நடக்கட்டும். வாரம் இரண்டு மாற்றினாலும் அந்த ஃபோல்டருக்கு வரத்து குறைவது கண்ணுக்குத் தெரியும்.

ஸ்பாமில் விழுந்தது ஃபார்வர்ட் ஆகாது. அதனால் அவ்வப்போது ஜிமெயிலுக்குள் போய் ஒரு பார்வை பாருங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கிற கணக்கை கூகுள் அழித்துவிடலாம். நீங்களாகவும் அழித்துவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளின் படம் இருக்கிற கூகுள் போட்டோஸும், போனில் இருக்கிற ப்ளே ஸ்டோரும் அதே கணக்கில்தான் ஓடுகின்றன.